என் குடுமியும் மாமியின் தலையணையும்

தலைமயிர் என்றால் ஒன்றில் எண்ணெய் வழிய வேண்டும், அல்லது வறண்டு கிடக்க வேண்டும். எது வாய்த்தாலும் மனிதன் எப்படியோ சமாளித்துக்கொள்வான். இரண்டும் ஒரே தலையில் வாய்த்தவன் படும் பாட்டைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதுகிற தகுதி எனக்கு நிறையவே இருக்கிறது. தலைமயிர்தான் இப்போது அவ்வளவாக மிஞ்சவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் முந்திய கதை இது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே வவுணதீவுக்கு அப்பால் எங்கள் ஊர். என் பெயர் சாமித்தம்பி. இருபது வயதிருக்கும். இடுப்பைத் தொடும் கூந்தல். (ஆண்பிள்ளைதான், சந்தேகம் வேண்டாம். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பொடியன்களில் பாதிப் பேர் குடுமிக்காரர். மற்றப் பாதிப் பேர் தோணியேறிப் பட்டினத்துக்குப் போய், கழுத்துத் தெரியக் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்து தாய்மாரை அழ வைத்தவர்கள்.)

என் கூந்தலின் மேற்பாதிக்கு ஒரு குணம், கீழ்ப்பாதிக்கு இன்னொரு குணம். உச்சியில் எண்ணெய் தானாக ஊறும். காலையில் முழுகினால் மத்தியானத்துக்குள் நெற்றியில் வழியும். தோளுக்குக் கீழே அதே மயிர் வெறும் தென்னந்தும்பு. பகலெல்லாம் வயல்வெளி வெயில், பொழுது சாய்ந்தால் வாவியின் உப்புத் தண்ணீரில் குளிப்பு. நுனி வெடிக்காமல் என்ன செய்யும்? உச்சியில் நிற்கிற எண்ணெய் ஒரு முழம் கீழே இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும். அது இறங்காது. மேல்வயற்காரன் தண்ணீரை மறித்து வைத்துக்கொள்ள, கீழ்வயல் காய்ந்து கிடக்கிற கதைதான்.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. அம்மா நுனியைப் பார்த்துப் பேசுவார். அக்கா உச்சியைப் பார்த்துப் பேசுவாள்.

"மயிரெல்லாம் காஞ்சி கிடக்கு மனே. இன்னும் கொஞ்சம் எண்ண வைக்கட்டா?" என்பார் அம்மா.

"எண்ணச் சட்டிக்குள்ள விழுந்த எலி மாதிரி இருக்கான். இவனுக்கு இன்னும் எண்ணயாம்!" என்பாள் அக்கா.

அம்மா எண்ணெய் வைப்பார். மறுநாள் அக்கா பிடித்து இருத்தித் தேசிக்காய்ப் புளி பிழிந்து தேய்ப்பாள். எண்ணெய் வைத்தால் உச்சி இன்னும் வழியும், நுனி பழையபடி. தேசிக்காய் தேய்த்தால் நுனி இன்னும் வெடிக்கும், உச்சி பழையபடி. வெந்தயம் அரைத்துப் பூசிப் பார்த்தார்கள். நான் போன இடமெல்லாம் குழம்பு மணந்தது. செவ்வரத்தம் இலையைக் கசக்கிப் பூசினார்கள். தலை வழுவழு என்று இருந்ததில் முடிச்சுப் போட்ட குடுமி ஏரில் நிற்கும்போதே அவிழ்ந்து முகத்தில் விழுந்து, மாடுகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். அதற்குப் பிறகு நான் தலையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

கவலையை மறுபடி கொண்டு வந்தவர் மாமி.

மாமி என்றால் என் அம்மாவின் தமையனுடைய பெண்சாதி. மாமா பக்கத்து ஊரில் வயலும் மாடும் உள்ள போடியார். அவர்களுக்கு ஒரே மகள் கனகம். சின்ன வயதிலிருந்தே கனகம் எனக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. யாரும் கனகத்திடமோ என்னிடமோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஓடி வந்து ஓம் என்றிருப்பேன். கனகமும் நடந்தாவது வந்திருப்பாள் என்று நம்பினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். வீடு பெண்ணுக்கு உரியது. ஆகவே மற்ற ஊர்களில் மாமியார் மருமகளை எப்படிப் பார்த்து எடுப்பார்களோ, அப்படி எங்கள் ஊரில் மாமியார் மருமகனைப் பார்த்து எடுப்பார்கள். எவ்வளவு சாப்பிடுவான், குறட்டை விடுவானா, வெற்றிலை துப்புவதற்கு வெளியே போவானா என்பதெல்லாம் எங்களைப் பற்றி விசாரிக்கப்படும் கேள்விகள்.

கனகத்துக்கென்று மாமா தங்கள் வளவிலேயே புதிதாகக் கல்வீடு கட்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தார். வீட்டைப் பார்க்க நாங்கள் போனோம். விறாந்தையில் பாய் விரித்தார்கள். நான் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு மாமாவோடு வட்டையில் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிக் கதைத்தேன். (எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்கு வட்டை என்று பெயர்.) நன்றாகத்தான் கதைத்தேன். மாமா கூடத் தலையாட்டினார். பிறகு எழுந்தேன். சுவரில் என் தலை இருந்த இடத்தில், நிலா வட்டத்தில் ஓர் எண்ணெய்க் கறை பளபளத்தது.

மாமி அதைப் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். வட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதானது.

நாங்கள் படலையைத் தாண்டுவதற்குள் அம்மாவைக் கூப்பிட்டு ஒதுக்கமாக நின்று சொன்னார். ஒதுக்கமாக என்றாலும் மாமியின் குரல் வாவிக்கு அக்கரையில் கேட்கும்.

"கோவிக்காதீங்க மச்சாள். உங்கட மகன்ல ஒரு குறையும் இல்ல. தலதான். அந்தத் தல இஞ்ச வந்து படுத்தா என்ட வீட்டுல ஒரு தலகணி மிஞ்சாது. தல காயட்டும், மறுகா கல்யாணத்தப் பத்திப் பறைவம்."

"அவன்ட நுனி காஞ்சிதானே கிடக்கு மச்சாள்," என்றார் அம்மா, தன் கட்சியை விட்டுக்கொடுக்காமல்.

"நுனியிலயா கா படுக்கிற?" என்று கேட்டார் மாமி.

வெட்டி எறிந்துவிட்டால் போகிறது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அந்த வருடம் எங்கள் ஊரில் கூத்துப் பழகிக்கொண்டிருந்தோம், நான் அதில் அரசி. எதிரி நாட்டு ராசன் அரசியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இடம்தான் அந்தக் கூத்தின் உச்சம். முந்திய கூத்தில் அரசிக்குத் தும்பிலே கட்டிய பொய்மயிர், பந்த வெளிச்சத்தில் பற்றிக்கொண்டு, அரசி கத்திக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியதால், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இந்த முறை அசல் மயிர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிராப்புத் தலையன் தங்கராசாவுக்கு எதிரி ராசன் வேஷம். என் குடுமியைப் பார்த்துத்தான் எனக்கு அரசி வேஷமே கிடைத்தது. (என் பாட்டைக் கேட்டுக் கிடைத்ததென்று அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா அல்லவா.)

கனகத்தை ஒருநாள் கோயில் கிணற்றடியில் கண்டேன். கூட வந்தவர்கள் தண்ணீர் அள்ளுகிற சத்தத்துக்குள் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"மச்சான், தலய என்னண்டாலும் செய்ங்க. அம்மா உன்னிச்சை ஊருல ஒரு மாப்பிள்ள பாக்கிறா."

"அவன் தல எப்பிடி?"

"மொட்ட."

மொட்டையோடு என்னால் எப்படிப் போட்டி போட முடியும்?

"வெட்டிரட்டா?"

"வேணாம்! கூத்துல உங்கள அரசியாப் பாக்க ஆசையாக் கிடக்கு. வெட்டாம, எண்ணயும் இல்லாம, என்னமாவது செய்ங்க," என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விட்டாள். சுலபமான காரியம் மாதிரித்தான் சொன்னாள்.

அரங்கேற்றத்துக்குள் ஒன்றும் செய்து முடிக்கவில்லை. பந்தங்களின் சூட்டில் உச்சி எண்ணெய் உருகி, முகத்துப் பூச்சோடு சேர்ந்து கன்னத்தில் கோடு கோடாக இறங்கியது. ஊர்ச் சனம் அதை அரசியின் கண்ணீர் என்று நினைத்துத் தானும் அழுதது. முன்வரிசையில் இருந்த மாமி மட்டும் அழவில்லை. அது என்ன என்று மாமிக்குத் தெரியும்.

இன்னும் ஒரு தவணை மிச்சம் இருந்தது. அரங்கேற்றம் முடிந்தால் கூத்துக்காரர் பகலில் வீடு வீடாகப் போய் முற்றத்தில் கொஞ்சம் ஆடிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழமை. பக்கத்து ஊருக்கும் போவோம். போடியார் வீட்டு முற்றத்தில் ஆடாமல் எந்தக் கூத்தும் ஓயாது. அங்கே பட்டப் பகல் வெளிச்சத்தில் மாமி என் தலையைப் பார்ப்பார். அதற்குள் அது காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னிச்சை மொட்டைதான் மாப்பிள்ளை.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, முழுக்க முழுக்க என் மூளையில் உதித்தது என்பதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

அது பனங்காய்க் காலம். சவர்க்காரம் அப்போது எங்களுக்குப் பட்டினத்துச் சாமான். பழுத்த பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் வேட்டியைத் துவைத்தால் எப்பேர்ப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். அம்மா கிணற்றடியில் அப்படித் துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றேன். வேட்டியில் எண்ணெய் போகிறது. தலையிலும் எண்ணெய்தானே? இது ஏன் இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

அடுத்தது நுனி. அதற்கு மாமி வீட்டுச் சிவலைதான் வழி காட்டியது. சிவலை மாமியின் செல்லப் பசு. செக்கச் சிவந்த நிறம். அதன் மயிர் வெயிலில் பட்டுச் சீலை போல மின்னும். என்ன கொடுக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் மாமி, "வேறென்ன, கழுநீர்தான்," என்பார். அரிசி கழுவிய தண்ணீரைச் சாடியில் ஊற்றிப் புளிக்க வைத்துத் தன் கையாலேயே கொடுப்பார். உள்ளே போய் அவ்வளவு மினுக்கம் தருகிற தண்ணீர், வெளியே பூசினால் எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டேன்.

போடியார் வீட்டில் ஆட வேண்டிய நாள் காலையில் கிணற்றடியை என் வசமாக்கிக்கொண்டேன். நன்றாகக் கனிந்த பனங்காயாகப் பார்த்துப் பிசைந்து உச்சியில் அப்பி, நுரை வரத் தேய்த்தேன். தும்பெல்லாம் மயிரில் சிக்கிக்கொண்டது. அக்கா தலைமாட்டில் நின்று திட்டிக்கொண்டே சீப்பால் வாரி எடுத்தாள். பிறகு கழுநீர்ச் சாடியை இழுத்து வைத்து, மல்லாந்து படுத்து, நுனியை அதற்குள் ஊறப் போட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"மாட்டுச் சாடிக்குள்ள என்ன மனே செய்யுற?"

"வைத்தியம் அம்மா."

"மாட்டுக்கா உனக்கா?"

பெரிய காரியம் செய்கிறவன் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது.

காய்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். என் தலையா இது! உச்சியில் பிசுக்கு இல்லை. நுனி மெத்தென்று கையில் புரண்டது. ஒரு சொட்டு எண்ணெய் வைக்காமல் முழுக் கூந்தலும் ஒரே குணமாக நின்றது. போதாததற்குப் பழுத்த பனங்காய் வாசனை வேறு. அக்காவே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வந்திருக்கு," என்றாள். அக்கா என்னைப் பாராட்டிய வேறொரு நாள் எனக்கு நினைவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். பனங்காயில் துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் யாராவது கம்போடு காவல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசனைக்கு மாடு வந்து வேட்டியைச் சப்பிவிடும். எங்கள் ஊரில் சப்பாத வேட்டி உள்ள வீடு கிடையாது. சின்ன வயதில் அந்தக் கம்போடு கொடியடியில் காவல் நின்றவன் வேறு யாரும் இல்லை, நான்தான். ஆனால் அது வேட்டி, இது தலை. இரண்டையும் சேர்த்து யோசிக்கிற அளவுக்கு என் மூளை அன்றைக்கு வேலை செய்யவில்லை.

பின்னேரம் மாமா வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விறாந்தை நிறையச் சனம். மாமாவும் மாமியும் நடுவில் இருந்தார்கள். கனகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விறாந்தையைப் பார்த்து நாங்கள் ஆட வேண்டும், எங்களுக்குப் பின்னால் மாமரம். மாமரத்தில் சிவலை கட்டியிருந்தது. தலைச்சினை, கன்று போடுகிற நாள் கிட்டிவிட்டதால் மாமி அதைப் பட்டிக்கு விடாமல் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருந்தார். இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிவலையின் மினுக்கத்தையும் என் மினுக்கத்தையும் ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்தார். சல்லரி ஒலித்தது. என் ஆட்டம் நன்றாகவே போயிற்று. கடைசியில் அரசி நாடிழந்து தரையில் விழுந்து புலம்புகிற இடம். நான் கொண்டையை அவிழ்த்தேன். கூந்தல் சரிந்து விழுந்ததும் விறாந்தையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மாமி கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று ஒரு சுற்றுக் கூடுதலாகவே சுற்றி, தரையில் இருந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கூந்தலை மண்ணில் விரித்தேன். புலம்பத் தொடங்கினேன்.

சனம் அழ வேண்டிய இடம். சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை, குரலை உயர்த்திப் புலம்பினேன். சிரிப்பும் உயர்ந்தது. அப்போது பின்னாலிருந்து என் தலைமயிரை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

எதிரி ராசன் வருகிற இடம் இன்னும் வரவில்லை. தங்கராசா எப்போதும் அவசரக்காரன், பாட்டை விழுங்கிவிட்டு முந்தி வந்துவிட்டான் என்று நினைத்தேன். அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், நானும் நடுவில் இருந்த அடிகளை விட்டுவிட்டு, கொடியவனே, பத்தினியின் கூந்தலில் வைத்த கையை எடு, எடுக்காவிட்டால் உன் குலம் அழியும் என்று வருகிற பாட்டைப் பாடத் தொடங்கினேன். முழு ஆவேசத்தோடு பாடினேன். கொடியவன் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். இழுவையில் ஒரு சுகமான நிதானம் இருந்தது. தங்கராசா இவ்வளவு நன்றாக நடிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனசுக்குள் பாராட்டிக்கொண்டு அடுத்த அடியையும் பாடினேன்.

பாடிக்கொண்டே விறாந்தைப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். அங்கே தூணோரத்தில், கிரீடமும் வாளுமாக, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு நின்றான் தங்கராசா.

அப்படியானால் பின்னால் இருப்பது யார் என்று நான் யோசிக்கும்போதே கழுத்தில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. அதற்குப் பிறகு, அரம் மாதிரி ஒரு நாக்கு.

நான் அலறிக்கொண்டு எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. கூந்தலின் பாதி சிவலையின் வாய்க்குள் இருந்தது. சிவலை கண்ணைப் பாதி மூடியபடி, ஒரு அவசரமும் இல்லாமல் மென்றுகொண்டிருந்தது. கழுநீரில் ஊறிய நுனியில் தொடங்கி, பனங்காய் மணக்கும் உச்சியை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. அதற்கு ருசி கூடிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

முற்றம் அமளிப்பட்டது. அண்ணாவியார் என் தோளைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தார். சிவலை மறுபக்கம் இழுத்தது. எனக்குக் கண்ணில் பொறி பறந்தது.

"இழுக்காதீங்க!" என்று மாமா கத்தினார். "மாட்டுட தொண்ட அறுந்திரும்!"

"என்ட மகன்ட தல அறுந்தாப் பரவாயில்லையா அண்ணன்?" என்று அம்மா கத்தினார்.

மாமி பாய்ந்து வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. சிவலையின் தாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "துப்பு மகள், துப்பு. வயித்துப் புள்ளக்காரி கண்டதையும் தின்னக் கூடாது," என்று கெஞ்சினார். கண்டது என்று மாமி சொன்னது என்னைத்தான். சிவலை துப்பவில்லை. அடுத்த மெல்லில் என் காது கூட அதன் உதட்டில் உரசியது. அந்த நேரத்தில் எனக்குத் தலைமயிர் நினைவில் இல்லை, கனகமும் நினைவில் இல்லை. உயிரோடு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

அப்போதுதான் கனகம் வந்தாள். கையில் நெல் வேளாண்மை வெட்டுகிற தாக்கத்தி, வளைந்த வாய் பளபளவென்று.

"கண்ண மூடுங்க மச்சான்," என்றாள்.

மூடினேன். வயலில் நெற்கதிரை எப்படி ஒரு பிடியாகச் சேர்த்துப் பிடித்து அறுப்பாளோ, அப்படியே பிடரியில் என் மயிரைப் பிடித்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் முகங்குப்புற மண்ணில் விழுந்தேன். பிறந்ததிலிருந்து வளர்த்த குடுமி மாட்டின் வாயில் தொங்கியது. மாமி அதைப் பிடித்து மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். அகப்பட்ட மட்டும் எடுத்தார், போனது போனதுதான்.

நான் எழும்பி இருந்தேன். சீலை மண், முகம் மண், தலை மேடும் பள்ளமுமாக நிற்கிறது. விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அரசியாக அல்ல, நானாகவே அழுதேன். சினை மாட்டுக்குக் கெடுதி செய்தவனை இனி இந்த வீட்டுப் படலைக்குள்ளும் விட மாட்டார்கள், உன்னிச்சை மொட்டைதான் இந்தச் சுவரில் சாயப் போகிறான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

மாமி என் பக்கம் திரும்பினார். ஏச்சுத்தான் விழப் போகிறது என்று தலையைக் குனிந்தேன். குனிந்த தலையில் மாமியின் கை வந்து விழுந்தது. உச்சியில் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். சீலையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு கையை மோந்தார்.

"பனங்காய்," என்றார்.

"ஓம் மாமி."

"நுனிக்கு?"

"கழுநீர் மாமி."

மாமிக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. "பனங்காயும் கழுநீரும் பூசிக்கொண்டு வந்து மாட்டுக்கு முன்னால விரிச்சிப் போட்டுட்டுப் பாட்டுப் படிக்கிறான், பாருங்க," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கி, மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

சிரிப்பு அடங்கினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஏன் தம்பி உனக்கு இந்த வேல?"

மானம் முழுவதும் போன பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னேன்.

"உங்கட தலகணிக்காகத்தான் மாமி."

கனகம் தாக்கத்தியோடு சட்டென்று உள்ளே போய்விட்டாள். மாமி என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரும் உள்ளே போனார். கூத்துக்காரருக்குக் கொடுக்கிற அரிசியும் தேங்காயும் எடுக்கப் போகிறார், கொடுத்து அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

மாமி திரும்பி வந்தபோது கையில் அரிசி இல்லை. வெள்ளை உறை போட்ட ஒரு புதுத் தலையணை இருந்தது. முற்றத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு பாயை உதறி விரித்து, அதன் மேல் தலையணையை வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

"இலவம் பஞ்சு. கொஞ்சம் காயட்டும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சீலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மாமா தொண்டையைச் செருமினார். அண்ணாவியார் மத்தளத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். விட்ட இடத்திலிருந்து கூத்துத் தொடர்ந்தது. பிடிக்க மயிர் இல்லாததால் தங்கராசா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நாடிழந்து சிறைப்பட்ட அரசி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனாள். எங்கள் ஊர்க் கூத்தில் அப்படியொரு அரசியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை.

தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. வழமைப்படி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சிவலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுகமாகக் கன்று போட்டது. கன்றின் நெற்றியில் கொத்தாக ஒரு சுழி மயிர் இருந்ததால் அதற்குக் குடுமி என்று பெயர் வைத்தார்கள். அதைக் காட்டி, மூத்த பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஊரில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வீடும் மாடும் கனகத்துக்குச் சீதனம் என்பதால், என் குடுமியைத் தின்ற மாட்டோடு ஒரே வளவில் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று.

கல்யாணமான கொஞ்ச நாளில்தான் மாமிக்கு உண்மை விளங்கியது. குடுமி போனதோடு வறண்ட பாதிதான் போயிருந்தது. எண்ணெய்ப் பாதி அப்படியே உச்சியில் இருந்தது. பனங்காய்ச் சலவை அந்த ஒரு நாளோடு சரி. (மறுபடி பனங்காய் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சிவலை இருக்கிற வளவிலா?) புதுத் தலையணையின் வெள்ளை உறையில் நிலா வட்டம் விழுந்தது. மாமி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த முறை பட்டினத்துக்குத் தோணி போனபோது கறுப்புத் துணி வாங்குவித்து, எனக்கென்று ஓர் உறை தைத்துப் போட்டார். பிறகு போய், கழுநீர் வைக்கும்போது சிவலையிடம் சொன்னார்.

"எல்லாம் உன்னாலதான்டி. நீ இழுத்த இழுவையில என்ட புத்தி மாறிப் போச்சி."

மாமி இருந்த வரைக்கும் ஒவ்வொரு காலையும் அப்படித்தான். கழுநீர் வைப்பார், என் தலையை ஒருதரம் பார்ப்பார், சிவலையை ஏசுவார். எனக்குக் கோபம் வந்ததேயில்லை. மாமி ஒருநாள் சுகமில்லாமல் படுத்து, ஏச்சுக் கேட்காத காலையில்தான் எனக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. அவர் போன பிறகு அந்த ஏச்சைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கினேன் என்று கனகத்துக்கு மட்டும் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, இப்போது கனகம் ஏசுகிறாள். என் தலையில் மயிர் போய்விட்டது, எண்ணெய் போகவில்லை. காலையில் சாடியை வைத்துவிட்டு, கொடியில் காயும் கறுப்பு உறைகளைக் கையால் காட்டி, குடுமியின் பேத்தியிடம் சொல்லுவாள்: "உன்ட கொப்பாட்டி செஞ்ச வேலைக்கு இந்த வயசிலயும் நான் உறை தோய்ச்சிட்டு இருக்கன், பாத்தியா?"

அது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். பனங்காய்க் காலமென்றால் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கும். நான் தோளில் கிடக்கிற துவாயை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வளவின் மறுபக்கமாகப் போய்விடுவேன்.